ஓ.எம்.ஆரா, பெங்களூரா? திருவொற்றியூரிலிருந்து ஒரு பார்வை

வட சென்னையில் பொறியியல் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு இது. கையில் இரண்டு ஆஃபர். ஒன்று ஓ.எம்.ஆரின் தென்கோடியில் உள்ள சிறுசேரியில், இன்னொன்று பெங்களூரில். காலடிப்பேட்டையிலும் எர்ணாவூரிலும் ராயபுரத்திலும் இந்தப் பேச்சு அநேகமாக ஒரே மாதிரிதான் முடிகிறது. "சென்னையிலேயே கிடைச்சிருக்கே, எதுக்கு ஊரை விட்டுப் போகணும்? வீட்டுச் சாப்பாடு, வாடகையும் மிச்சம்." பெற்றவர்களின் இந்தச் சொல்லில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு வேளச்சேரிக்காரருக்குச் சரியாக வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் குடியிருப்பவருக்கு வராது. இங்கிருந்து பார்த்தால் சிறுசேரியும் வெளியூர்தான். சொந்த ஊரில் வேலையா, அந்நிய ஊரில் வேலையா என்று கேட்பதை விட்டு, இரண்டு வெளியூர்களில் எது நமக்கு ஆகும் என்று கேட்டால்தான் தெளிவு பிறக்கும்.

வேலைக்காக ஊரை விட்டுப் போவது என்பதே இந்தப் பகுதிக்குப் பழக்கமில்லாத சங்கதி. வேலை தேடி மற்றவர்கள் இங்கே வருவதுதான் நூறாண்டு வழக்கம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரைக்கும் 1864இல் பாதை திறந்தபோதும் சென்னையின் ரயில் முனை ராயபுரம்தான். சென்ட்ரல் வந்தது 1873இல். பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். அந்த ஆலைத் தொழிலாளரைத் திரட்டித்தான் 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தார்கள். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை எழுப்பி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டு திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. அறுபதுகளில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்தன. அந்தந்தக் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பம் எதுவோ அது இங்கே இருந்தது.

அப்பாக்களும் தாத்தாக்களும் வேலையை அளந்த அளவுகோல் அங்கே உருவானது. ஆலைச் சங்கு காதில் விழும் தூரத்தில் வீடு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பினால் மாலைக்குள் வீடு. பர்மனென்ட் ஆகிவிட்டால் பி.எஃப்., போனஸ், கேன்டீன் சாப்பாடு, சங்கத்தின் துணை. பின்னி ஆலை 1996இல் மூடியது. பல இடங்களில் பர்மனென்ட் போய் கான்ட்ராக்ட் வந்தது. விம்கோ என்பது ஒரு தீப்பெட்டி ஆலை என்பதே தெரியாமல், அதை மெட்ரோ ஸ்டேஷன் பெயராக மட்டும் அறிந்த தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனாலும் "பக்கத்திலேயே வேலை" என்ற அளவுகோல் மட்டும் வீடுகளில் அப்படியே இருக்கிறது. இன்றைய பிள்ளைகளின் ஆஃபர் கடிதத்தை அந்த அளவுகோலால்தான் அளக்கிறோம்.

இதற்கிடையில் புதிய தொழில் நகரின் மறுமுனைக்குப் போய்விட்டது. 1997இல் தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. ஐ.ஐ.டி.யும் மற்றக் கல்வி நிறுவனங்களும் அருகில் இருந்தன. ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையோரம் நிலம் பரந்து கிடந்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று கண்ணாடிக் கட்டடங்கள் தெற்கே தெற்கே நகர்ந்து சிறுசேரி சிப்காட் வரை போயின. வடக்கே வந்தவை அனல்மின் நிலையங்கள், 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம், கண்டெய்னர் யார்டுகள். தூசி தாங்கவில்லை என்று 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதும் அகற்றப்பட்டன. அவற்றுக்குக் காட்டப்பட்ட மாற்று இடமும் எண்ணூர்தான். நகரம் தன் சுமையை வடக்கிலும் தன் சம்பளத்தைத் தெற்கிலும் வைத்தது என்று நான் சொல்வதில் கோபம் இருக்கிறது. அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

இனிப் பயணம். இந்த விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஒரு பெண் காலை ஒன்பதரைக்குச் சிறுசேரியில் இருக்க வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய வரம். அதற்கு முன் டோல்கேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து வர வேண்டியிருந்தது. இப்போது மெட்ரோ பிடித்து உயர் நீதிமன்ற ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு நடை. பறக்கும் ரயிலில் திருவான்மியூர். மறுபடி இறங்கி ஓ.எம்.ஆரில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய சாலையில் காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் என்று ஒவ்வொரு சிக்னலாகத் தாண்ட வேண்டும். ஏழேகால் மணிக்குக் கிளம்பியவள் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தால் அது நல்ல நாள். ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் குலையும். நான்காவது ரயில் பாதைக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்திய பறக்கும் ரயில் 2024 அக்டோபரில்தான் திரும்ப ஓடியது. அந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் 88 மணி நேரம். வாரம் மூன்று நாள் அலுவலகம் போதும் என்றால்கூட ஏறத்தாழ 52 மணி. பெங்களூரில் அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கி, மாதம் இருமுறை வீட்டுக்கு வருபவரின் கணக்கு என்ன? சென்ட்ரலிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் சுமார் நான்கரை மணியில் போகிறது. 1964 முதல் ஓடும் பிருந்தாவன் ஆறு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை ஏழு மணி என்று தாராளமாகவே வைப்போம். மாதம் நான்கு பயணம், 28 மணி நேரம். சிறுசேரிக்கு வீட்டிலிருந்து தினமும் போய்வருபவர் சாலையில் கழிக்கும் நேரத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. சென்ட்ரலும் நமக்கு அருகில்; திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் நேராக இறங்கலாம். மேடவாக்கத்துக்காரரைவிட வட சென்னைக்காரருக்கு பெங்களூர் ரயில் சுலபம்.

தினமும் நான்கு மணி நேரம் சாலையில் போனால் எது பறிபோகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் வேலைக்கு வெளியே படித்துத்தான் அடுத்த படிக்கு ஏற முடியும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பவருக்குப் படிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே இழக்கிறார்கள். அந்த இழப்பு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சென்னை வேலை என்றாலே சிறுசேரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிண்டியில் அலுவலகம் என்றால் ஒரே மெட்ரோவில் போகலாம். தரமணியோ பெருங்குடியோ என்றால் பறக்கும் ரயில் ஸ்டேஷன் அருகிலேயே இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தது; கடற்கரை–திருவள்ளூர் மின்சார ரயில் அந்த வழியே போகிறது. ராயபுரத்திலிருந்து இவையெல்லாம் ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். ஆகவே "சென்னை" என்று ஆஃபரில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கட்டடம் என்று தெரிய வேண்டும்.

பெங்களூருக்கு ஐ.டி. நகரம் என்ற பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. 1909இல் இந்திய அறிவியல் கழகம், 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., ஐம்பதுகளில் எச்.எம்.டி., பி.இ.எல்., பிறகு இஸ்ரோ. இத்தனை பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை ஓரிடத்தில் குவித்து வைத்திருந்தன. எழுபதுகளின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1983இல் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தன் வடிவமைப்பு மையத்தை பெங்களூரில் திறந்தது. சிப் வடிவமைப்பு என்ற துறை பெங்களூரில் வேர் பிடித்தது அப்போதிருந்துதான். இன்று சொந்தமாகப் பொருள் செய்து விற்கும் நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள், உலக நிறுவனங்களின் ஆராய்ச்சி மையங்கள் எல்லாம் அங்கே செறிந்து கிடக்கின்றன.

இந்தச் செறிவின் பலன் முதல் வேலையில் தெரியாது, இரண்டாவது வேலையில்தான் தெரியும். பெங்களூரில் வேலை மாற நினைப்பவர் வீடு மாற வேண்டியதில்லை. பல சமயம் பஸ் தடம்கூட மாறாது. வேலை போனாலும் அப்படித்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், விடுவிப்பதாக அறிவித்தபோது ஐ.டி. வேலையும் பர்மனென்ட் இல்லை என்று எல்லாருக்கும் உறைத்தது. பின்னி மூடியதைப் பார்த்த ஊருக்கு இது புதுப் பாடம் அல்ல. ஒரு கதவு மூடினால் எத்தனை கதவுகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் பாதுகாப்பு.

அதற்காகச் சென்னையைக் குறைத்து எண்ண வேண்டாம். காக்னிசன்ட் 1994இல் இங்கே பிறந்தது. 1996இல் தொடங்கிய ஸோஹோ உலகம் முழுக்க மென்பொருள் விற்கிறது. 2010இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டது. மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டி நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளைச் செய்வதில் சென்னைக்குத் தனிப் பெயர் உண்டு. வங்கி, காப்பீட்டுப் பணிகளிலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக வண்டித் தொழில். கார், லாரி, பஸ் ஆகியவற்றின் எஞ்சின் கட்டுப்பாடு, பேட்டரி, எம்பெடட் மென்பொருள் என்று போக விரும்பும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிள்ளைகள் பெங்களூருக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் வெள்ளிவாயல்சாவடியில், மணலி புதுநகரை ஒட்டி இருக்கிறது. எண்ணூரில் அப்பா சேசிஸ் மாட்டிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் வீட்டிலிருந்து பைக்கில் போகும் தொலைவு. ஐ.டி. என்றாலே தெற்கு என்று பழகிப்போனதால் நம் பிள்ளைகள் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். கல்லூரிகளில் கூட்டமாக ஆள் எடுக்கும் சேவை நிறுவனங்கள் புதியவருக்கு எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான் தருகின்றன. பல ஆண்டுகளாக அது வருடம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போக மாதம் கைக்கு வருவது இருபத்தைந்தாயிரம் அளவு. இந்தச் சம்பளத்தில் பெங்களூரில் பி.ஜி. வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் போனால் வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கல்விக் கடன் தவணை கட்ட வேண்டியவர் இதை முதலில் பார்க்க வேண்டும். சம்பளம் ஆறு லட்சத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. அப்போது வாடகை ஒரு பொருட்டல்ல. வாடகைப்படிக்கு வருமான வரிச் சலுகையில் சென்னைக்கு 50 விழுக்காடு, பெங்களூருக்கு 40 விழுக்காடு என்று நெடுங்காலம் ஒரு வித்தியாசம் இருந்தது. புதிய வரிமுறையில் அந்தச் சலுகையே கிடையாது என்பதால் அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டு அட்வான்ஸ் மட்டும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பெங்களூரில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பது இன்றும் சகஜம்.

பெங்களூரில் தமிழர் அந்நியர் அல்லர். அல்சூர், சிவாஜி நகர், மர்ஃபி டவுன் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அல்சூர் ஏரியருகே 1950இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டு துணி போர்த்தி நின்றுவிட்டு 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏற நிற்கும் கூட்டத்தில் பாதி தமிழ்தான். ஆனால் 1991இலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையில் தமிழர் தாக்கப்பட்டதையும் வண்டிகள் எரிந்ததையும் மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவை 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. இவற்றைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம், இல்லாதது போலப் பாவிக்கவும் வேண்டாம். போகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளட்டும். அது மரியாதை; தற்காப்பும்கூட.

போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன ஊர் அது என்பதும் உண்மை. 2023 அக்டோபரில் வைட்ஃபீல்டு மெட்ரோப் பாதை முழுமையானது. 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை திறந்தது. இந்த இரண்டு பாதைகளை ஒட்டி வேலை கிடைத்தால் பழைய புகார்களில் பாதி கழியும். தண்ணீருக்கு இரு நகரங்களும் தவித்திருக்கின்றன: சென்னை 2019 கோடையில், பெங்களூர் 2024 தொடக்கத்தில்.

வீட்டு நிலைமை என்ற பக்கம் எல்லா இடத்துக்கும் பொது என்றாலும், இந்தப் பகுதிக்கு அதில் ஒரு தனிக் கனம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளில் சேர்த்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இழுப்பு உள்ள தகப்பனை விட்டுவிட்டு 350 கிலோமீட்டர் தள்ளிப் போவது எளிதான முடிவு அல்ல. ஆபத்து நேரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் இருக்கிறாரா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். வேறு ஆள் இல்லை என்றால் சென்னைதான். அதில் விவாதம் வேண்டாம். சிறுசேரியில் அறை எடுத்துத் தங்கினாலும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி. இரவு ஷிஃப்டில் வேலை வாங்கும் நிறுவனம் வண்டியும் பாதுகாப்பும் தர வேண்டும். ஆனால் பல நிறுவனங்கள் வண்டி அனுப்புவதற்கு ஒரு தூர எல்லை வைத்திருக்கின்றன. சிறுசேரியிலிருந்து அளந்தால் திருவொற்றியூர் அந்த எல்லைக்கு வெளியே விழுவது சாதாரணம். பாதி வழியில் இறக்கிவிட்டால் மீதி வழிக்கு யார் பொறுப்பு? "மகளை பெங்களூருக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது" என்கிற பெற்றோர், நள்ளிரவில் பாரிமுனையில் இறங்கி வண்டி தேடும் மகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் நல்ல விடுதி, அது எந்த ஊரில் இருந்தாலும், அதைவிடப் பத்திரம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. வட சென்னை வீட்டில் இருந்துகொண்டு தினமும் சிறுசேரிக்குப் போய்வருவது, இருக்கும் வழிகளில் ஆக மோசமானது. அதை ஒரு தெரிவாகவே எண்ண வேண்டாம். சேவை நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம், வீட்டில் கடன் என்றால் கிண்டி, தரமணி, அம்பத்தூர், பட்டாபிராம் பக்கம் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளலாம். ஓ.எம்.ஆரின் தென்கோடிதான் கிடைத்தது என்றால் அங்கேயே நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்க வேண்டும். சிப் வடிவமைப்பு, ஸ்டார்ட்அப், பொருள் செய்யும் நிறுவனம் என்றால், சம்பளம் சற்றுக் கூடவும் இருந்தால், பெங்களூருக்குத் தயங்காமல் போகலாம். வண்டித் துறை ஆர்வம் உள்ளவர்கள் ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் தேடும் முன் தங்கள் வட்டாரத்தையே ஒருமுறை தேடட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் பள்ளி, குடியிருப்பு, குடிநீர் வேலைகள் நடக்கின்றன, தேவையானவைதான். ஆனால் படித்த பிள்ளைக்கு வேலைக் கட்டடம் எங்கே? விழுப்புரத்துக்கும் பட்டாபிராமுக்கும் டைடல் பூங்கா போக முடிந்தது. விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடும் திருவொற்றியூருக்கு ஏன் வரக் கூடாது? மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிறுசேரி பாதை பெரம்பூர் வழியே போகிறது; ராயபுரத்தையோ திருவொற்றியூரையோ தொடவில்லை. காலையில் தெற்கே கூட்டமாகப் போகும் அந்த மெட்ரோ வடக்கே திரும்பி வரும்போதும் ஆள் ஏற வேண்டுமானால் வடக்கிலும் அலுவலகங்கள் வேண்டும்.

அதுவரை, கையில் ஆஃபர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் மூன்று கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் கேட்டு வாங்குங்கள்: எந்தக் கட்டடத்தில் வேலை, எந்த ஷிஃப்ட், வண்டி எதுவரை வரும். பதில் வந்ததும், ஒரு திங்கட்கிழமை காலை அந்த நேரத்துக்கு அந்தக் கட்டட வாசலுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.